நாலு பேரா, ஐந்து பேரா

பக்கத்து வீட்டு ஷைனி போன வாரம் கைபேசியோடு வந்தாள். எம்.ஏ. ஆங்கிலம், இரண்டாம் ஆண்டு. தூத்துக்குடி மில்லர்புரத்தில் எங்கள் தெருவில் யாருக்கு என்ன சந்தேகம் என்றாலும் என்னிடம் அனுப்பிவிடுவார்கள். வாரிசுச் சான்றிதழ், பட்டா மாறுதல், பாஸ்போர்ட்டில் பிறந்த ஊரைத் திருத்துவது, பென்ஷன்காரர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார் என்று நிரூபிப்பது எல்லாவற்றுக்கும் நான்தான். எந்தப் படிவம், எத்தனை நகல், எந்தக் கிழமை போனால் எந்த மேஜையில் ஆள் இருக்கும் என்பதுவரை சொல்வேன். முப்பத்தைந்து வருட உத்தியோகம் எனக்குக் கற்றுத் தந்த ஒரே கலை அது. இரத்த அழுத்தத்தைக் கலையில் சேர்க்க முடியாது.

"அங்கிள், ஒரு அசைன்மென்ட். அமெரிக்கன் நாவல். மெயின் கேரக்டர்ஸ் பத்தி எழுதணும். நாலு பேருதான். சரியா இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

நாவலின் பெயரைப் பார்த்தேன். அதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் தேடிப் படித்துவிட்டு, நான் சொல்வதில் எல்லாம் பிழை கண்டுபிடிப்பீர்கள். ஷைனி அழகாக எழுதியிருந்தாள். படகுக்குச் சொந்தக்காரியான விதவைத் தாய். படகை ஓட்டும் மகன். கரையில் இருக்கும் மகள். அந்த ஊர்ப் பாதிரியார்.

"அஞ்சாவது ஆள எங்கம்மா?" என்றேன்.

"யாரு அங்கிள்?"

"சாவி வச்சிருப்பாரே, அவரு."

"ஓ, அவரா? அவரு மைனர் கேரக்டர் அங்கிள். நெட்லயே அப்படித்தான் போட்டிருக்கு."

மைனர் கேரக்டர். நாற்பத்தைந்து வருடங்களாக அந்த ஆளுக்கு நான் பொறுப்பில் இருக்கிறேன். இன்றுவரை யாரும் என்னிடமிருந்து சார்ஜ் வாங்கிக்கொள்ளவில்லை.

சார்ஜ் என்று சொன்னது பேச்சுக்கு இல்லை. கல்லூரியில் எங்களுக்கு இதே நாவலை நடத்திய ஞானையா சார் எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார். அவர் நாசரேத்துக்காரர். அவருடைய அப்பா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர். ஒரு ஸ்டேஷனை இன்னொருவரிடம் ஒப்படைக்கும்போது விளக்கு எத்தனை, கொடி எத்தனை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து வளர்ந்த மனிதர் அமெரிக்க நாவல் நடத்த வந்தால் எப்படி நடத்துவார்? வகுப்பில் நாங்கள் பதினொரு பேர். நாவலில் முக்கியமான பாத்திரங்கள் ஐந்து. ஐந்து பேரிடம் ஆளுக்கொரு பாத்திரத்தை ஒப்படைத்தார். 'இன்ன பாத்திரத்தின் பொறுப்பை இன்று முற்பகல் ஏற்றுக்கொண்டேன்' என்று ஒரு முழுத்தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதன்பிறகு வருடம் முழுக்க அந்தப் பாத்திரத்தை யார் என்ன கேட்டாலும் நாம்தான் எழுந்து நின்று, 'நான்' என்று பதில் சொல்ல வேண்டும். மற்ற ஆறு பேருக்கு வேலை, கேள்வி கேட்பது. ஒருவர் நன்றாகப் பதில் சொன்னால் சார் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு மக்ரூன் கொடுப்பார். தூத்துக்குடி மக்ரூனின் முட்டை வாசனையும் சைக்ளோஸ்டைல் மையின் வாசனையும் சேர்ந்ததுதான் எனக்கு அமெரிக்க இலக்கியம். இன்றைக்கும் பேக்கரி வாசலில் நின்றால் அட்லாண்டிக் கடல் ஞாபகம் வரும்.

எனக்கு வந்தவர் துறைமுக எழுத்தர். அந்த ஊரில் பனிமூட்டம் இறங்கினால் படகுகளுக்குக் கரை தெரியாது. கரையில் ஒரு மணிக்கூண்டு உண்டு. மணி அடித்தால் சத்தத்தை வைத்துப் படகு வந்துவிடும். கூண்டின் சாவி எழுத்தரிடம். துறைமுகக் குழு எழுத்தில் உத்தரவு கொடுத்தால் மட்டுமே பூட்டைத் திறக்கலாம் என்பது விதி. ஒரு நாள் காலையில் பனி இறங்கிவிடுகிறது. மகனுடைய படகு வெளியே இருக்கிறது. குழுத் தலைவர் வெளியூரில். மகள் ஓடி வந்து, மாடிப்படியின் கீழே நின்று சாவி கேட்கிறாள். எழுத்தர் மேல்படியில் நிற்கிறார்.

அத்தோடு எங்கள் புத்தகம் முடிந்துவிட்டது.

நாவல் முடியவில்லை, புத்தகம்தான் முடிந்தது. கல்லூரியில் இருந்தது ஒரே ஒரு பிரதி. எங்களுக்கு முந்தைய வகுப்பில் ஐந்து பேர் பரீட்சை நெருக்கத்தில், வரிசையில் நின்று படிக்க நேரம் இல்லை என்று, அதைச் சவர பிளேடால் முதுகில் அறுத்து ஐந்து பங்காகப் பிரித்துக்கொண்டார்கள். கரையில் மீனைப் பங்கு வைக்கிற ஊரில் இது ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. பரீட்சை முடிந்ததும் நாலு பங்கு ஒழுங்காகத் திரும்பி வந்தது. கடைசிப் பங்கை எடுத்தவருக்குப் பம்பாயில் வேலை கிடைத்தது.

"சார், நீங்க படிச்சிருப்பீங்கள்லா, முடிவு என்ன?" என்று கேட்டோம்.

"படிச்சேம்லே, மெட்ராஸ்ல. இருவது வருசம் ஆச்சு. மறந்து போச்சு. முடிவு கெடக்கட்டும், பாத்திரத்தப் புடிங்கலே. பாத்திரத்தப் புடிச்சா முடிவு தானா வரும்."

மகளின் பொறுப்பு பிலோமினா அக்காவுக்கு. மணப்பாட்டுக்காரர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். இரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்திருந்ததால் நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். சத்தமாகப் பேசுவார். கடலுக்கு எதிர்த்துப் பேசிப் பழகிய தொண்டை. நான் பொறுப்பேற்ற முதல் நாளே எழுந்துவிட்டார்.

"ஏ சாவி, குடுப்பியா மாட்டியா?"

"எழுத்துல உத்தரவு வேணும்க்கா."

"என் தம்பி வெளிய நிக்கான். உத்தரவு எழுதுத நேரமாலே இது?"

"விதி எனக்காகப் போட்டது இல்லக்கா, ஊருக்காகப் போட்டது."

வகுப்பு சிரித்தது. எனக்கு ஒரு மக்ரூன் கிடைத்தது. நாவலில் அவன் அண்ணன் என்று நான் திருத்தியதை அக்கா காதிலேயே வாங்கிக்கொள்ளவில்லை. அவருக்கு நிஜத்தில் ஒரே ஒரு தம்பி, பெயர் அமலன். அதனால் படகில் இருப்பது யாராக இருந்தாலும் அவருக்குத் தம்பிதான்.

அன்றிலிருந்து என் பெயர் சாவி. கேன்டீனில் சாவி, பேருந்து நிறுத்தத்தில் சாவி. ஒரு நாள் ஞானையா சார் பாடத்தை விட்டு எங்கெங்கோ போய், சாவி என்ற சொல்லே போர்த்துக்கீசியர் கொண்டு வந்தது, இந்தக் கரை வழியாகத்தான் தமிழுக்குள் நுழைந்தது என்றார். பிலோமினா அக்கா விடவில்லை. "கேட்டியாலே? சாவியே எங்க ஊர்ச் சொத்து. மரியாதையாக் குடுத்திரு" என்றார்.

அமலனை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். அக்காவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டு வருவான். சீசனில் சங்கு குளிக்கப் போவான், மற்ற மாதங்களில் சரக்கு ஏற்றிப்போகும் பாய்மரத் தோணியில் வேலை. மூச்சை எவ்வளவு நேரம் பிடிப்பாய் என்று கேட்டேன். "அளந்து பாத்தது இல்ல சார். பையி நெறைஞ்சதும் மேல வந்துருவேன்" என்றான். என்னை முதன்முதலில் சார் என்று கூப்பிட்ட ஆள் அவன். எனக்கு அது பிடித்திருந்தது.

பரீட்சை வந்தது. முடிவு வேண்டும். எந்தப் பாத்திரம் கடைசியில் என்ன செய்யும் என்பதைப் பொறுப்பாளரே எழுத வேண்டும், அதை எல்லோரும் ஏற்க வேண்டும் என்று சார் சொல்லிவிட்டார். அப்படியென்றால் மொத்த நாவலும் என் கையில். ஒரு வாரம் யோசித்தேன். கடைசியில் எழுத்தர் படியிறங்கி வருகிறார், சாவியை அவளிடம் கொடுக்காமல் தானே பூட்டைத் திறக்கிறார், கை தோல் உரியும்வரை மணி அடிக்கிறார் என்று எழுதினேன். 'மனிதன் எழுதிய விதியை மனிதனே கடக்கிறான்' என்று ஒரு வரியும் சேர்த்தேன். அந்த வயதில் அப்படி வரிகள் சும்மாவே வரும்.

அக்கா வாசித்துவிட்டு, "நல்லாருக்குலே. நீ குடுப்பேன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

பதினொரு பேரும் அதையே எழுதினோம். பதினொரு பேரும் தேறினோம். அந்தத் தாளில் முதல் மதிப்பெண் எனக்கு. திருத்தியவர் கையில் இருந்த புத்தகத்திலும் கடைசிப் பங்கு இல்லையோ என்னவோ.

அடுத்த வருடம் எனக்குத் துறைமுகத்தை ஒட்டிய ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. பெயர் வேண்டாம். பல அலுவலகங்களில் அதுவும் ஒன்று. வகுப்பு நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஏலே சாவி, கடைசீல நெசமாவே போய் ஒக்காந்துட்டியா?" என்றார்கள். நானும் சிரித்தேன். என் மேஜை மேல் சுற்றறிக்கைகளைக் கோத்த கோப்பு ஒன்று இருக்கும். தோணி குறித்த நாளில் வந்து சேராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதும் அதில் ஒரு தாள். தோணிக்காரர்களுக்கு அதெல்லாம் தெரியாது. காற்றைப் பார்த்துப் போவார்கள், காற்றைப் பார்த்து வருவார்கள். இரண்டு நாள் முன்னே பின்னே ஆகும். பெரும்பாலும் வந்துவிடும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஒரு சனிக்கிழமை முற்பகல் பிலோமினா அக்கா வந்தார். அப்போது தூத்துக்குடியிலேயே ஒரு பள்ளியில் ஆசிரியை. சேலையில் சாக்பீஸ் தூசி. வகுப்பின் நடுவில் எழுந்து வந்திருக்கிறார்.

"அமலன் போன தோணி இன்னும் வரலலே. மாலத்தீவுல சரக்க எறக்கிட்டுக் கெளம்பினது. கூடவே கெளம்பின தோணி புதன்கெழமையே வந்துட்டு. அவங்க கடைசியாப் பாக்கையில இதுல பாய்மரம் ஒடிஞ்சி கெடந்துச்சாம். அந்தப் பக்கம் போற கப்பல்களுக்கு ஒரு தகவல் சொல்லச் சொல்லு. தேடச் சொல்லு."

நான் கோப்பைத் திறந்து அந்தத் தாளை எடுத்தேன். அதைப் பார்க்கத் தேவையே இல்லை, மனப்பாடம். ஆனாலும் எடுத்துப் படித்தேன். தோணி உரிமையாளரோ அவருடைய ஏஜென்டோ எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

"ஓனர் லெட்டர் வேணும்க்கா."

"அவரு விளாத்திகுளத்துல கல்யாண வீட்டுல இருக்காரு. நாளைக்கழிச்சுத்தான் வாராராம். ஏஜென்ட் கடைய அடைச்சிட்டு அவரும் அங்கனதான் போயிருக்காரு."

"திங்கக்கெழம வந்ததும் ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்துருங்க. ஒடனே அனுப்பிரலாம்."

"ஏலே, திங்கக்கெழமையா?"

"தோணி ரெண்டு மூணு நாள் பிந்துறது சகஜம்தானக்கா."

மேலதிகாரி அன்று விடுப்பில் இருந்தார். அவர் வீட்டுத் தொலைபேசி எண் எனக்குத் தெரியும். தொலைபேசி என் நாற்காலியிலிருந்து நாலடி தூரத்தில் இருந்தது. விடுப்பு நாளில் கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. அந்த நேரத்தில் என் மனசுக்குள் பெரிய போராட்டம் நடந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஒன்றும் நடக்கவில்லை. பசித்தது. சனிக்கிழமை அரை நாள். ஒன்றரை மணிக்கு மூடிவிட்டுச் சாப்பிடப் போக வேண்டும்.

"வேற வழி ஒண்ணும் இல்லியா சார்?" என்றார் அக்கா.

சார். அவர் வாயிலிருந்து எனக்கு அந்தச் சொல் வந்தது அந்த ஒரு தடவைதான்.

"ரூல் அப்படிக்கா" என்றேன்.

அவர் திரும்பிப் படியிறங்கினார். எங்கள் அலுவலகமும் மாடியில்தான் இருந்தது. வேண்டுமென்றே சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்தில் அந்தத் தெருவில் எல்லா அலுவலகமும் மாடியில், கீழே கிடங்கு.

திங்கட்கிழமை உரிமையாளரின் கடிதம் வந்தது. பதினொரு மணிக்குத் தகவல் போனது. நானே ஓடியாடி அனுப்ப வைத்தேன். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு சரக்குக் கப்பல் பலகையில் மிதந்த இரண்டு பேரைக் கண்டெடுத்தது. தகவல் போனதிலிருந்து இருபது மணி நேரம். தோணியில் போனது எட்டுப் பேர்.

பிழைத்தவர்களிடம் வாக்குமூலம் வாங்க வேண்டும். அலுவலகத்தில் என் கையெழுத்துதான் நன்றாக இருக்கும் என்பதால் நான் எழுதினேன். இரண்டு பேரில் வயதானவர், உதடெல்லாம் உப்பில் வெடித்திருந்தது, நிதானமாகத்தான் சொன்னார். சனிக்கிழமை விடியும்போது தோணி முழுகியிருக்கிறது. அக்கா என் மேஜைக்கு முன்னால் நின்ற நேரத்தில் அவர்கள் தண்ணீரில் இருந்திருக்கிறார்கள்.

"அமலன் ஞாயித்துக்கெழம வெயில் சாயுத வரைக்கும் எங்ககூடத்தாம் இருந்தான் சார். எங்களுக்கும் தெம்பு சொல்லிக்கிட்டே வந்தான். கப்பல் வரும், எங்க அக்கா ஆபீஸ்ல சொல்லிருப்பா, அவகூடப் படிச்ச சார் ஒருத்தரு அங்கன இருக்காருன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். பொறவு சத்தத்தக் காணல."

'ஞாயிறு மாலைவரை உயிருடன் இருந்தார்' என்று எழுதினேன். மற்றது சம்பவத்துக்குத் தொடர்பில்லாத விவரம். எழுதவில்லை. வாசித்துக் காட்டினேன். அவர் தலையாட்டினார். கட்டைவிரலை மையில் தோய்த்து நானே பிடித்து வைத்தேன். விரல் ஊறிப் போயிருந்ததால் ரேகை சரியாக விழவில்லை. இரண்டாவது தடவை வைக்க வேண்டியிருந்தது. வெளியே பெஞ்சில் பிலோமினா அக்கா உட்கார்ந்திருந்தார். நான் அந்த வழியாகத்தான் போனேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. கையில் மை இருந்ததால் சோப்பு எங்கே இருக்கிறது என்று தேடினேன்.

விசாரணை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. விதிமுறைப்படி நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று கோப்பில் ஒரு வரி எழுதி மூடினார்கள். அந்தக் கோப்பைக் கட்டி வைக்கும்போதுதான் சுற்றறிக்கைத் தாளின் பின்பக்கத்தைப் பார்த்தேன். அவசரம் என்று தோன்றினால் மாலுமிகளின் உறவினர் வாய்மொழியாகச் சொல்வதையும் பதிவுசெய்து மேலே அனுப்பலாம் என்று அதில் இருந்தது. அனுப்பலாம். அச்சும் நன்றாகத்தான் விழுந்திருந்தது. முன்பக்கம் மட்டும் எனக்கு மனப்பாடம்.

நான் எல்லா விதிகளையும் கரைத்துக் குடித்தது அதற்குப் பிறகுதான். எந்தத் தாள் கையில் வந்தாலும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பேன். அலுவலகத்தில் என்னை நடமாடும் விதிப்புத்தகம் என்றார்கள். மூன்று பதவி உயர்வு வந்தது. பணி ஓய்வு விழாவில் ஒருவர் என் மனிதாபிமானத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். மாலை கனமாக இருந்தது.

பிலோமினா அக்காவை அப்புறம் எப்போதாவது பார்ப்பேன். தலைமை ஆசிரியை ஆகி, மணப்பாட்டுப் பக்கமே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு செப்டம்பரில் அங்கே சிலுவைக் கோயில் திருவிழாவுக்குப் போனபோது மேட்டில் காற்றுக்கு நடுவே எதிரே வந்தார். "வாங்க, நல்லாருக்கீங்களா? பிள்ளைகள் என்ன படிக்கிறாங்க?" என்று கேட்டார். வாங்க என்றார். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மீன் குழம்பு நன்றாக இருந்தது. சுவரில் அமலன் படத்துக்குக் கீழே சின்ன மின்விளக்கு எரிந்தது. அந்தக் கிழவர் எனக்குச் சொன்னதை இவரிடமும் சொல்லியிருப்பார். சொல்லாமல் இருந்திருக்க முடியாது. அக்கா கடைசிவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன வருடம் போய்ச் சேர்ந்தார். தகவல் எனக்கு மூன்றாம் நாள்தான் கிடைத்தது.

ஷைனி போனபின் அந்த நாவலை என் கைபேசிக்கு அனுப்பி வைத்திருந்தாள். முழு நாவல், கடைசிப் பங்கோடு. இரண்டு நாள் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில், காபி குடித்து, மாத்திரை போட்டு, கண்ணாடியைத் துடைத்து, அந்தப் படிக்கட்டு வரும் இடத்துக்குப் போனேன். மகள் கீழே நிற்கிறாள். எழுத்தர் மேலே நிற்கிறார். அத்தியாயம் முடிகிறது.

அடுத்த அத்தியாயம் பதினொரு வருடம் கழித்து ஆரம்பிக்கிறது.

தாய் இல்லை. பாதிரியார் வேறு ஊருக்குப் போய்விட்டார். மகனின் கல்லறையில் உடல் கிடையாது, பெயர் மட்டும். மகள் அதே வீட்டில் இருக்கிறாள், ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறாள். புயலில் விழுந்துபோன மணிக்கூண்டு ஒரு வரியில் வருகிறது. அன்று காலை மணி அடித்ததா இல்லையா என்று ஆசிரியர் சொல்லவில்லை. எழுத்தரைக் காணோம். நான் தவறவிட்டிருப்பேன் என்று கைபேசியில் அந்தச் சொல்லைக் கொடுத்துத் தேடிப் பார்த்தேன். கடைசிப் பங்கில் ஓர் இடத்தில்கூட இல்லை. திட்டவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. எழுதியவருக்கு அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருந்திருக்கவில்லை.

சாயங்காலம் ஷைனியைக் கூப்பிட்டு, "நாலு பேருதாம்மா. நீ எழுதினது சரி" என்றேன். "நான்தான் சொன்னேன்ல அங்கிள்" என்றாள்.

அலுவலகம் இருந்த கட்டடம் இப்போது இல்லை. அந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. தோணிகளில் எஞ்சின் வந்தது, பிறகு தோணிகளே குறைந்தன. இப்போது போகிறவற்றிலும் கரையோடு பேசக் கருவி இருக்கிறது, உரிமையாளர் கடிதத்துக்கு யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்து எத்தனையோ வருடம் ஆகிறது. ரத்து உத்தரவை வரைந்தது நான்தான். ஞானையா சார் போய்விட்டார். நான் பொறுப்பேற்றதாக எழுதிக் கொடுத்த தாள் அவர் இழுப்பறையோடு எங்கே போனதோ தெரியாது. சாவி என்று என்னைக் கூப்பிட்டவர்களில் கடைசி ஆளும் போன வருடம் போய்விட்டார். அவரும்கூட அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அப்படிக் கூப்பிட்டது இல்லை.